கழுவிக் கொண்டுவா

பத்துப் பெட்டிக்கு நூறு குவாச்சா.
கிழிந்திருக்கக் கூடாது, அடி நசுங்கியிருக்கக் கூடாது,
முக்கியமாக, கழுவியிருக்க வேண்டும்.
நான் வைத்த சட்டம்தான்.

பீர் அட்டைப்பெட்டியில் மண் நிரப்பினால்
பப்பாளிக் கன்று ஆறு வாரம் தாங்கும்.
பிளாண்டயரின் இந்த விளிம்பில், நிராண்டேயில்,
பைக்குக் காசு கொடுத்து யாரும் நாற்று வளர்ப்பதில்லை.
மழைக்கு முன் முந்நூறு கன்று விற்றால்
என் கூரைக்கு இரண்டு தகரம்.

பொறுக்கி வரும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.
வொங்கானி அதில் கெட்டிக்காரன்.
மதுக்கடைப் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து
கால்களுக்கு நடுவே கைவிட்டு எடுப்பான்.
சோளமும் இறுங்கும் புளித்த கஞ்சி பீர் அது,
குலுக்கிக் குடி என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.
அவனுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல்.
காதோரம் வைத்துக் குலுக்குவான்,
காசைச் சுண்டிப் பார்க்கும் கடைக்காரன் முகத்தோடு.

என்னிடம் வரும்போது ஒரு சொட்டு மிச்சமிருக்காது.
எந்தக் குழாயில் கழுவுகிறாய் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.
ஒரு வாளித் தண்ணீர் இங்கே ஐம்பது குவாச்சா.
கணக்குப் போடத் தெரிந்தவள் நான்.
போடவில்லை.

போன செவ்வாய் அவன் தங்கை தியோங்கேயும் வந்தாள்.
நாலு வயசு. மேலுதட்டில் வெள்ளை மீசை.
பால் என்று நினைத்தேன்.
நின்றாள், சிரித்தாள், சிரித்தபடியே
கன்றுகளின் மேல் சாய்ந்தாள்.
பதினொரு பப்பாளி முறிந்தது.
கத்தினேன்.
கத்தி முடித்துத் தூக்கியபோதுதான்
அந்த மூச்சு என் முகத்தில் அடித்தது:
என் புருஷன் இருந்த காலத்தில்
சனிக்கிழமை இரவுகளில் கதவைத் தட்டிய அதே மூச்சு.

"கழுவித்தானே கொண்டுவந்தோம்" என்றான் வொங்கானி.
"அவள் பாதி, நான் பாதி.
குடித்தால் மத்தியானம் பசிக்காது, அமாயி.
கொசு கடித்தாலும் தெரியாது."
ஏழு வயசுக்காரன் பலன்களை அடுக்குகிறான்,
கிளினிக்கில் தாய்மாருக்கு நர்ஸ் சொல்வதுபோல.
பிறகு மலையைக் காட்டினான்.
மல்லாந்து தூங்கும் மனுஷனைப் போலிருக்கும் எங்கள் மலை.
"அவரும் குடித்துவிட்டுத்தான் கிடக்கிறார்.
எத்தனை பெட்டி இருக்கும்?"

சிரிப்பு வந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் சட்டத்தை மாற்றினேன்.
கழுவாத பெட்டிக்கு இருபது குவாச்சா கூடுதல்.
மிச்சம் அப்படியே வரவேண்டும், நானே கொட்டுவேன்.
பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்
கிறுக்கியைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் பாசத்தோடு.

முதல் நாள் பெட்டிகள் கனமாக வந்தன.
இரண்டாம் நாள் இன்னும் கனம்.
எனக்கே என்மேல் ஒரு மரியாதை.
மூன்றாம் நாள் ஒன்றை முகர்ந்து பார்த்தேன்.
சாக்கடைத் தண்ணீர்.
குடித்துவிட்டு நிரப்பியிருக்கிறார்கள்,
நிறத்துக்குக் கொஞ்சம் சாம்பல் கரைத்து.

இன்று ஒரு சட்டி சோளக் கஞ்சி வைத்தேன்.
உப்பும், கைப்பிடி வேர்க்கடலைப் பொடியும்.
தினம் வைத்தால் தகரம் ஒன்றோடு நிற்கும்.
தியோங்கே இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள்.
வொங்கானி கிண்ணத்தைக் காதோரம் வைத்து
மெல்லக் குலுக்கினான், பழக்கம்.
"நல்லாயிருக்கு" என்றான், மரியாதைக்கு.
"ஆனா இதுல தூக்கம் வராது."
கிண்ணம் பிடித்த கை நடுங்கியது.
அக்டோபர் வெயில், மண் சுடுகிறது,
குளிரென்று சொல்ல வழியில்லை.

"நாளைக்குப் பெட்டி எடுப்பீங்களா, அமாயி?"

முந்நூறில் இன்னும் நூற்றுப் பத்து பாக்கி.
சலித்த மண் குவியலாய்க் கிடக்கிறது.
எடுப்பேன் என்றேன்.

வாசல்வரை போனவன் திரும்பினான்.
"கழுவினதா, கழுவாததா?"